கிரேக்கத் திருவளாகமும் கோயிலும்: ஒன்றா, வேறா?

கற்றளி (கேள்வி):

வணக்கம். ஒலிம்பியா, டெல்ஃபி, எபிடாரஸ் பற்றிப் படிக்கும்போது ஒரு குழப்பம் தீரமாட்டேன் என்கிறது. ஒரு பக்கத்தில் "ஜீயஸின் திருவளாகம்" என்று வருகிறது, அடுத்த பக்கத்தில் "ஜீயஸ் கோயில்" என்று வருகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு படித்தால் பாதியில் இடிக்கிறது. கோயிலே கட்டாத காலத்தில் அங்கே வழிபாடு நடந்திருக்கிறது. எபேசஸில் கோயில் எரிந்துபோன பிறகும் அந்த இடத்தின் அடைக்கல உரிமை போகவில்லை.

நம் ஊர் வழக்கத்தை வைத்து, வளாகம் என்றால் பிராகாரம், கோயில் என்றால் கருவறை என்று எடுத்துக்கொள்ளலாமா? பலி எங்கே நடந்தது, உள்ளேயா வெளியேயா? தீட்டும் அடைக்கலமும் கட்டடத்தைப் பொறுத்தவையா, நிலத்தைப் பொறுத்தவையா? தெரிந்தவர்கள் இடம், அளவு, ஆண்டு சொல்லி விளக்கினால் உதவியாக இருக்கும்.

நெய்தல்:

பிராகாரம், கருவறை என்ற கணக்கை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு போனால் கிரேக்க இடங்கள் எல்லாமே தலைகீழாகத் தெரியும்.

கிரேக்க வழிபாட்டுக்குக் கட்டாயம் வேண்டியவை இரண்டுதான். ஒன்று, கடவுளுக்கென்று எல்லை பிரித்து விட்ட நிலம். அதைத் தெமெனோஸ் என்பார்கள். இன்னொன்று, அந்த நிலத்தில் திறந்த வெளியில் நிற்கும் பலிபீடம். சிலையை வைக்கும் வீடான நாவோஸ், அதாவது நாம் கோயில் என்று சொல்லும் கட்டடம், மூன்றாவதாக வருவது. வசதி இருந்தால் கட்டுவார்கள், இல்லாவிட்டால் அது இல்லாமலே நூற்றாண்டுக் கணக்கில் வழிபாடு நடக்கும். பலிபீடம் இல்லாமல் நடக்காது.

ஒலிம்பியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மரபுக் கணக்கில் அங்கே போட்டிகள் தொடங்கியது கிமு 776. ஜீயஸுக்கென்று லிபோன் கட்டிய பெரிய கோயில் முடிந்தது கிமு 457 வாக்கில். ஃபிடியாஸ் செய்த பொன், தந்தச் சிலை உள்ளே வந்தது அதற்கும் பிறகு, 430களில். அவ்வளவு காலமும் ஜீயஸ் வழிபாட்டின் நடுவிடமாக இருந்தது ஒரு சாம்பல் மேடு. பலி கொடுத்த விலங்குகளின் தொடையெலும்பு எரிந்து விழுந்த சாம்பலே மேடாக உயர்ந்து பலிபீடமானது. கிபி 2ஆம் நூற்றாண்டில் நேரில் பார்த்த பயணி பௌசானியாஸ் அளவு தருகிறார்: கீழ்த்தட்டின் சுற்றளவு 125 அடி, மேல்தட்டின் சுற்றளவு 32 அடி, மொத்த உயரம் 22 அடி. விலங்கை வெட்டுவது கீழ்த்தட்டில். தொடைகளை மட்டும் மேலே கொண்டுபோய் எரிப்பார்கள். பெண்கள் கீழ்த்தட்டு வரை ஏறலாம், அதற்கு மேல் ஆண்கள் மட்டும். விறகு வெண்நெட்டிலிங்க மரத்தினுடையதாகத்தான் இருக்கவேண்டும், வேறு மரம் ஆகாது.

அதைப் பராமரித்த முறையையும் அவர் சொல்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை, எலாஃபியோஸ் மாதம் 19ஆம் நாள், ஊர்ப் பொது அடுப்பின் சாம்பலைக் கொண்டுவந்து, ஆல்ஃபியோஸ் ஆற்று நீரில் குழைத்து, குறி சொல்பவர்கள் பீடத்தின்மேல் பூசுவார்கள். வேறு எந்த நீரிலும் குழைக்கக்கூடாது. 64 மீட்டர் நீளத்துக்கு எழுப்பிய கற்கோயிலின் அடித்தளமும் சாய்ந்த தூண்களும் இன்றும் இருக்கின்றன, வழிபாடு நடந்த சாம்பல் பீடத்தின் சுவடே இல்லை. பார்க்கப் போகிறவர்கள் கோயிலைத்தான் முதன்மை என்று நினைத்துத் திரும்புவதற்கு இதுதான் காரணம். கல் நின்றது, சாம்பல் கரைந்தது.

இனி பலி. ஊர்வலம் வளாகத்துக்குள் நுழையும். கூடையில் வாற்கோதுமை, அதன் அடியில் கத்தி. எல்லாரும் கை கழுவுவார்கள். விலங்கின் தலையில் நீர் தெளிப்பார்கள். வாற்கோதுமையைப் பீடத்தின் மேலும் விலங்கின் மேலும் தூவி, நெற்றி மயிரில் சிறிது வெட்டித் தீயில் போட்ட பிறகுதான் கழுத்தில் கத்தி. இரத்தம் பீடத்தில் படவேண்டும். தொடையெலும்பைக் கொழுப்பில் சுற்றி எரித்து, அதன்மேல் திராட்சை மது வார்ப்பார்கள். அந்தப் புகைதான் கடவுளின் பங்கு. ஈரல், இதயம் போன்ற உள்ளுறுப்புகளைக் கம்பியில் கோத்துச் சுட்டு, பலியில் நேரடியாகப் பங்கேற்றவர்கள் முதலில் சாப்பிடுவார்கள். மற்ற இறைச்சியை வேகவைத்துக் கூட்டத்துக்குப் பங்கு வைப்பார்கள். தோல் பெரும்பாலும் பூசகருக்கு.

இத்தனை புகை, இரத்தம், அடுப்பு, கூட்டம். இதைக் கூரைக்குக் கீழே செய்ய முடியுமா? அதனால்தான் பீடம் வெளியே, பெரும்பாலும் கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே நிற்கிறது. விழா நாளில் கதவைத் திறந்துவிட்டால் உள்ளே இருக்கும் சிலை பலியைப் பார்க்கும். கூட்டம் பீடத்தைச் சுற்றி நிற்கும், கோயிலுக்குள் நிற்காது. சில கோயில்களின் கதவு ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்தான் திறக்கும். தீப்ஸில் டயோனைசஸ் லிசியோஸ் கோயில் அப்படி என்று அதே பௌசானியாஸ் எழுதுகிறார்.

பொழில்:

நெய்தல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கட்டடமே இல்லாமல் வெறும் மரத்தாலும் வளாகம் அமையும். டொடோனாவில் ஜீயஸ் குறி சொன்னது ஓக் மரத்தின் வழியாக. ஹோமர் காலத்திலேயே அந்த மரம் பெயர்பெற்றது. அங்கே கல்லில் ஒரு சிறு கோயில் வருவது கிமு 4ஆம் நூற்றாண்டில்தான். ஆர்க்கேடியாவில் லைக்கையோன் மலை உச்சியில் ஜீயஸின் பலிபீடம் வெறும் மண்மேடு, அதன் கிழக்கே இரண்டு தூண்கள். அங்கே எல்லையிட்ட நிலத்துக்குள் மனிதர் யாரும் கால் வைக்கக்கூடாது. மீறி நுழைந்தவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவார் என்பது நம்பிக்கை.

தோப்பு இருந்தால் தோப்புக்கும் சட்டம் உண்டு. ஏதென்ஸ் பகுதியில் அப்பல்லோ எரிதாசியோஸ் வளாகத்தில் கல்லில் வெட்டி வைத்த ஆணை கிடைத்திருக்கிறது. கிமு 4ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. விறகு, கிளை, சருகு எதையும் எடுத்துப்போகக்கூடாது. அடிமை எடுத்தால் 50 கசையடி, அடிமையல்லாதவர் எடுத்தால் 50 திராக்மா தண்டம். உதிர்ந்து கிடக்கும் இலையைக்கூட விடவில்லை என்பதைக் கவனியுங்கள். மண்ணில் கிடப்பது அனைத்தும் கடவுளின் உடைமை. நம் பக்கத்து அய்யனார் கோயில்காடுகளில் காய்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போகமாட்டார்கள் என்ற வழக்கத்தோடு இதை ஒப்பிடலாம். கருவறையோடு ஒப்பிடுவதைவிட இது பொருந்தும்.

இந்த நில உரிமையை மீறினால் போரே மூளும். டெல்ஃபிக்குக் கீழே இருக்கும் கிர்ரா சமவெளி அப்பல்லோவுக்கு விட்ட நிலம், உழக்கூடாது. அதை ஃபோகிஸ் நாட்டார் உழுதார்கள் என்று தண்டம் விதித்ததில் தொடங்கியதுதான் கிமு 356 முதல் 346 வரை நடந்த மூன்றாம் புனிதப் போர். யாரும் கோயிலின் ஒரு கல்லைத் தொட்டு அந்தச் சண்டையைத் தொடங்கவில்லை. ஏர் பட்டது தரிசு நிலத்தில்.

ஏடகம்:

அடைக்கலம் பற்றிய கேள்விக்கு நான் சொல்கிறேன். எல்லைக்கல்லைத் தாண்டியதும் காப்பு தொடங்கிவிடுகிறது. ஆனாலும் ஓடிவந்தவர் அங்கேயே நிற்கமாட்டார். பீடத்திலோ சிலையின் காலடியிலோ போய் உட்கார்ந்துவிடுவார். கடவுளின் பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை அவரை இழுத்தால் கடவுளின் உடைமையை இழுத்ததாக ஆகும்.

இதில் சிக்கல் எப்படி வருகிறது என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும்.

கிமு 7ஆம் நூற்றாண்டில் கைலோன் என்பவன் ஏதென்ஸில் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துத் தோற்றான். அவன் ஆட்கள் அக்ரோபோலிஸ் குன்றில் அதீனா தேவியிடம் தஞ்சம் புகுந்தார்கள். விசாரணைக்கு இறங்கி வரச் சொன்னபோது, காப்பு அறுந்துவிடாமல் இருக்க சிலையில் ஒரு நூலைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். வழியில் நூல் அறுந்தது. கடவுளே கைவிட்டுவிட்டாள் என்று சொல்லி ஆட்சியாளர்கள் அவர்களைக் கொன்றார்கள். பக்கத்துப் பீடங்களுக்கு ஓடியவர்களையும் விடவில்லை. அந்தப் பழி கொலைக்குத் தலைமை தாங்கிய அல்க்மயோனிட் குடும்பத்தைப் பல தலைமுறைக்குத் தொடர்ந்தது.

இன்னொன்று ஸ்பார்ட்டாவில், கிமு 470 வாக்கில். அரசப் பதிலி பௌசானியாஸ் (மேலே நெய்தல் குறிப்பிட்ட பயணி அல்ல, அவருக்கு ஆறு நூற்றாண்டு முந்தையவர்) கைது செய்ய வந்தவர்களைக் கண்டு அதீனா கால்கியோய்கோஸ் வளாகத்துக்குள் ஓடி, அங்கிருந்த ஒரு சிறு கட்டடத்தில் ஒளிந்தார். உள்ளே புகுந்து பிடிக்க முடியாது. எனவே கூரையைப் பிரித்தார்கள், வாசலை அடைத்தார்கள், பட்டினி போட்டார்கள். உயிர் போகும் தறுவாயில் வெளியே தூக்கிவந்தார்கள், வந்ததும் இறந்தார். வளாகத்துக்குள் சாவு நிகழக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கடைசி நேரத் தூக்கல். அப்படியும் டெல்ஃபியின் குறிவாக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் இறந்த இடத்திலேயே புதைக்கவும், ஓர் உடலுக்குப் பதிலாக இரண்டு உடல் தரவும் ஆணையிட்டது. ஸ்பார்ட்டாக்காரர்கள் இரண்டு வெண்கலச் சிலை செய்து வைத்தார்கள். வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதை எழுதும்போது கல்லறை வளாகத்தின் முன்வாசலில் இருந்தது.

கூரையைப் பிரிக்கிறார்களே, கட்டடம் புனிதமில்லையா என்று கேட்கலாம். அவர்கள் பயந்தது கல்லுக்கும் ஓட்டுக்கும் அல்ல. தஞ்சம் புகுந்தவர் மேல் கை வைப்பதற்கும், எல்லைக்குள் பிணம் விழுவதற்கும் பயந்தார்கள்.

எபேசஸைக் கேட்டிருந்தீர்கள். ஆர்ட்டெமிஸ் கோயில் கிமு 356இல் எரிந்தது, பிறகு திரும்பக் கட்டினார்கள். அடைக்கல எல்லையை அலெக்சாந்தர் ஒரு ஸ்டேடியன், சுமார் 185 மீட்டர், தூரத்துக்கு நீட்டினார். பின்னாளில் பொன்டஸ் மன்னர் மித்ரிடேட்டஸ் கூரை மூலையிலிருந்து ஓர் அம்பு எய்து, அது விழுந்த இடம்வரை என்றார். ஸ்டேடியனைவிடச் சற்று அதிகம். மார்க் ஆண்டனி அதையும் இரட்டிப்பாக்கியதில் ஊரின் ஒரு பகுதியே உள்ளே வந்துவிட்டது. குற்றவாளிகள் கையில் ஊர் போனது. அகஸ்டஸ் அதை நீக்கினார். எல்லாம் ஸ்ட்ராபோ தரும் செய்தி. எல்லை இத்தனை முறை மாறியதில் கோயில் சுவர் ஓர் அங்குலம் நகரவில்லை.

கற்றளி:

நன்றி, இப்போது நிறையத் தெளிந்தது. இன்னும் இரண்டு சந்தேகம். தீட்டு பற்றி யாரும் சொல்லவில்லை. அப்புறம், நெய்தல் ஐயா சொல்வதைப் பார்த்தால் கோயில் வெறும் சிலைக்கொட்டகை போலத் தெரிகிறதே. அப்படியானால் அவ்வளவு செலவு செய்து ஏன் கட்டினார்கள்?

பொழில்:

தீட்டுக்கு எபிடாரஸ் நல்ல இடம். அங்கே நோய் தீர்க்கும் கடவுள் அஸ்க்லேப்பியஸின் வளாகத்துக்குள் யாரும் இறக்கக்கூடாது, பிரசவமும் ஆகக்கூடாது. டெலோஸ் தீவு முழுக்கவே இந்த விதி உண்டு. கிமு 426ஆம் ஆண்டு குளிர்காலத்தில் ஏதென்ஸ் அந்தத் தீவிலிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி அகற்றி, இனிமேல் இறக்கும் நிலையில் இருப்பவர்களையும் நிறைமாதப் பெண்களையும் பக்கத்து ரெனேயா தீவுக்குப் படகில் அனுப்பவேண்டும் என்று ஆணையிட்டது.

எபிடாரஸில் நடைமுறையில் என்ன ஆனது என்று பாருங்கள். நோய் தீரத்தான் அங்கே வருகிறார்கள், அவர்களில் சிலர் சாகத்தான் செய்வார்கள். சாகப்போகிறவரை எல்லைக்கு வெளியே வெட்டவெளியில் கொண்டுபோய்க் கிடத்தும் நிலைமை. வளாகத்தை ஒட்டிக் குடியிருந்தவர்களே இதைப் பெரிய குறையாகச் சொன்னார்கள். கிபி 2ஆம் நூற்றாண்டில் அன்டோனினஸ் என்ற ரோமானியச் செனட்டர் இறப்புக்கும் பிரசவத்துக்கும் என்று ஒரு வீடே கட்டிக்கொடுத்தார்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். நோயாளி இரவில் படுத்துக் கனவு காண்பது அஸ்க்லேப்பியஸ் கோயிலுக்குள் அல்ல. அதற்கென்று அபாட்டோன் என்ற நீண்ட தாழ்வாரம் தனியாக உண்டு. குளித்து, பலி கொடுத்து, பிறகு அங்கே படுப்பார்கள். குணம் கிடைக்கும் இடம் வேறு, சிலை இருக்கும் கோயில் வேறு, இரண்டும் ஒரே வளாகத்துக்குள். பலி இறைச்சியை எல்லைக்கு வெளியே எடுத்துப்போகவும் அங்கே தடை. அதனால்தான் இப்படிப்பட்ட வளாகங்களில் சாப்பாட்டு அறைகள் தோண்டத் தோண்டக் கிடைக்கின்றன. எல்லா ஊரிலும் இதே விதி என்று நினைக்கவேண்டாம். ஏதென்ஸில் அதீனாவுக்கு எடுத்த பானதேனையா விழாவின் இறைச்சியைக் கீழே கெராமைக்கோஸ் பகுதிக்குக் கொண்டுபோய்ப் பங்கு போட்டார்கள்.

சாதாரணத் தீட்டுக்கு நாள் கணக்கு உண்டு. பெர்கமோனில் அதீனா வளாகத்துக் கல்வெட்டின்படி, தன் கணவனோடோ மனைவியோடோ கூடியவர் குளித்துவிட்டு அன்றே வரலாம், பிறரோடு கூடியவர் இரண்டாம் நாள். இழவிலிருந்தும் பிரசவத்திலிருந்தும் வருகிறவரும் இரண்டாம் நாள். வாசலில் கல் தொட்டி இருக்கும், நீரைத் தெளித்துக்கொண்டு நுழையவேண்டும். அந்தத் தொட்டி நிற்பது கோயில் கதவில் அல்ல, வளாக வாசலில். தோண்டிய இடத்தில் தொட்டியின் பாதக்கல் எங்கே கிடக்கிறதோ அங்கேதான் எல்லை தொடங்கியது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

நெய்தல்:

கொட்டகை என்று சொன்னால் அது கோயிலுக்குச் செய்யும் அநியாயம். அது கடவுளுக்கு ஊர் கொடுக்கும் காணிக்கை, ஊரிலேயே மிக விலையுயர்ந்த காணிக்கை. மற்ற காணிக்கைகளை வைக்கும் இடமும் அதுதான். அக்ரோபோலிஸின் பெரிய கோயிலான பார்த்தெனோனில் நின்ற அதீனா சிலையின் பொன் 40 டேலன்ட், ஒரு டனுக்கு மேல். அதைக் கழற்றி எடுக்க முடியும், தேவைப்பட்டால் போர்ச் செலவுக்கு எடுத்துக்கொண்டு பிறகு திருப்பி வைக்கலாம் என்று பெரிக்கிளிஸ் மக்களிடம் சொன்னதைத் துசிடிடீஸ் பதிந்திருக்கிறார். பின்கட்டு அறைதான் கருவூலம்.

சிலையைக் காப்பதும் சின்ன வேலை இல்லை. தந்தத்துக்கு ஈரமும் ஆகாது, வறட்சியும் ஆகாது. ஒலிம்பியா ஆற்றோரச் சதுப்பு. சிலையின் முன்னால் கறுப்புக் கல்லில் தளம் போட்டு, சுற்றிலும் பாரோஸ் சலவைக்கல்லால் விளிம்பு கட்டி, அதில் ஆலிவ் எண்ணெய் ஊற்றி வைத்தார்கள். ஈரம் தந்தத்தைக் கெடுக்காமல் இருக்க எண்ணெய். ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் உயரமான பாறை, காற்று வறண்டது, தந்தம் வெடித்துவிடும். அங்கே எண்ணெய்க்குப் பதில் தண்ணீர். எபிடாரஸில் எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லையே என்று பௌசானியாஸ் கேட்க, சிலையே ஒரு கிணற்றின் மேல்தான் நிற்கிறது என்றார்களாம் அங்கிருந்தவர்கள். இத்தனை கவனிப்பும் வீட்டுக்கும் அதில் இருக்கும் சிலைக்கும். வழிபாட்டின் உச்சமோ வாசலுக்கு வெளியே. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் கிரேக்க இடம் புரியும்.

ஏடகம்:

ரோமையும் சேர்த்துப் படித்தால் இன்னும் துல்லியம் கிடைக்கும். அங்கே இது நம்பிக்கையோடு சட்டமும் ஆகிறது. நிமித்திகர்கள் வானத்தையும் நிலத்தையும் எல்லை வகுத்து, சகுனம் பார்த்து ஒதுக்கிய இடம்தான் டெம்ப்ளம். அதன்மேல் கடவுளுக்கு வீடு இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செனட் கூடும் கூரியா மண்டபம் ஒரு டெம்ப்ளம். மன்றத்தில் பேச்சு மேடைகூட டெம்ப்ளம். செனட் டெம்ப்ளம் அல்லாத இடத்தில் கூடி முடிவெடுத்தால் செல்லாது. மறுபக்கம், ஊரிலேயே மிகப் புனிதமான நெருப்பு எரியும் வெஸ்டாவின் வட்டக் கோயில் டெம்ப்ளம் அல்ல. கடவுளின் வீடுதான், ஆனால் நிமித்திகர் சடங்கு அதற்கு நடக்கவில்லை.

சடங்கில் ஒரு படி தவறினாலும் புனிதம் ஒட்டாது. கிமு 58இல் சிசரோ நாடு கடத்தப்பட்டபோது, அவர் எதிரி குளோடியஸ் அவர் வீட்டை இடித்து அந்த மனையில் லிபர்டாஸ் தேவதைக்குக் கோயில் வைத்தான். கடவுளுக்கு விட்ட நிலத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்பது அவன் கணக்கு. அடுத்த ஆண்டு திரும்பி வந்த சிசரோ குருமார் அவையில் வாதாடினார். மக்கள் மன்றம் அந்த மனையைப் பேர் சொல்லி அர்ப்பணிக்க அனுமதி தரவில்லை, எனவே அர்ப்பணம் செல்லாது என்றார். குருமார் அதை ஒத்துக்கொண்டார்கள், மனை திரும்பக் கிடைத்தது.

பழைய தெய்வம் இருக்கும் நிலத்தில் புதுக் கோயில் கட்டவேண்டுமானால் முதலில் அந்தத் தெய்வத்திடம் கேட்டு விடுவிக்கவேண்டும். கேப்பிட்டோல் குன்றில் ஜூப்பிட்டருக்கு இடம் ஒதுக்கும்போது மற்றவர்கள் சம்மதித்தார்கள், எல்லைக் கடவுள் டெர்மினஸ் மட்டும் நகரவில்லை என்பது மரபு. அவன் கல்லை ஜூப்பிட்டர் கோயிலுக்குள்ளேயே விட்டு, திறந்த வானத்தின் கீழ்தான் அவனுக்குப் பூசை என்பதால் அதற்கு நேர்மேலே கூரையில் ஓட்டை வைத்தார்கள்.

பொழில்:

ஏடகம் சொன்ன இந்தக் கடைசிச் செய்திதான் நம் ஆகம முறைக்கு நெருக்கமாக வருகிறது. திருப்பணி தொடங்குமுன் கலாகர்ஷணம் செய்து மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றி, பாலாலயத்தில் வைத்து அன்றாடப் பூசை செய்கிறோம். அதுவரை கருவறையில் பூசை கிடையாது, தச்சர் உள்ளே போய் வேலை செய்யலாம். வேலை முடிந்து, அஷ்டபந்தனம் சாத்தி, யாகசாலைக் கும்பநீரால் குடமுழுக்கு ஆன பிறகு, 48 நாள் மண்டலபூசை. அதாவது சாந்நித்தியம் மந்திரத்தால் இறங்கி ஏறக்கூடியது, இடம் அதைத் தாங்குவது. கிரேக்கரிடம் இதற்கு ஈடான சடங்கை எதிர்பார்த்துத் தேடினால் ஏமாற்றம்தான். நிலம் கடவுளின் சொத்து, சிலையைச் செப்பனிட அவரை எங்கேயும் எழுந்தருளச் செய்யவேண்டிய தேவை இல்லை.

எருசலேமின் யூதக் கோயில் மூன்றாவது வகை. அங்கேயும் பலிபீடம் திறந்த முற்றத்தில்தான், வீட்டுக்குள் அல்ல. ஆனால் புனிதம் உள்ளே போகப் போகக் கூடிக்கொண்டே போகும். ஏரோது கட்டிய வளாகத்தில் வெளிமுற்றம்வரை எவரும் வரலாம். அதற்குள் சோரேக் என்ற தடுப்புச் சுவர், மூன்று முழ உயரம் என்கிறார் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ். தாண்டும் வேற்றினத்தார் தம் சாவுக்குத் தாமே பொறுப்பு என்று எழுதிய கல் 1871இல் கிடைத்தது. அதற்குப்பின் பெண்கள் முற்றம், இஸ்ரவேலர் முற்றம், ஆசாரியர் முற்றம், வீடு, கடைசியில் மகா பரிசுத்த ஸ்தலம். அந்த அறைக்குள் தலைமை ஆசாரியர் மட்டும், ஆண்டில் ஒரே நாள். கிமு 63இல் ரோமானியத் தளபதி பாம்பே அத்துமீறி நுழைந்து பார்த்தபோது உள்ளே சிலை எதுவும் இல்லை. கருவறை என்ற ஒப்புமை வேண்டுமானால் கிரேக்கத்தைவிட இங்கே ஓரளவு பொருந்தும், சிலை இல்லை என்ற பெரிய வேறுபாட்டோடு.

கற்றளி:

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. அக்ரோபோலிஸ் வரைபடத்தைப் பார்க்கும்போது எதை முதலில் தேடவேண்டும்? பார்த்தெனோனுக்கு எதிரே பீடம் எதுவும் குறிக்கவில்லையே, விடுபட்டுவிட்டதா?

நெய்தல்:

விடுபடவில்லை. பார்த்தெனோனுக்கென்று தனிப் பலிபீடம் இருந்ததற்கு உறுதியான தடயம் இல்லை. அதீனாவின் பெரிய பீடம் அதற்கு வடக்கே, எரெக்தியோன் என்ற கோயில் பக்கமாகப் பழைய கோயிலின் கிழக்கில் இருந்தது. பானதேனையாவில் மாடுகளை வெட்டியது அங்கே. விழாவில் நெய்து கொண்டுவந்த புடவையைச் சாத்தியதும் பார்த்தெனோனின் பொன் சிலைக்கு அல்ல, ஆலிவ் மரத்தில் செய்த பழைய சிலைக்கு. ஊரின் பெருமை பெரிய கோயிலில் நின்றது, பூசை பழைய இடத்திலேயே தொடர்ந்தது.

எந்த வரைபடத்தையும் இந்த வரிசையில் படித்துப் பாருங்கள். முதலில் எல்லை: சுவரோ, எல்லைக்கல்லோ, வாசலோ. அடுத்து வாசலிலிருந்து ஊர்வலம் வரும் பாதை. பாதை எங்கே அகலமாகிறதோ அங்கே சுற்றுமுற்றும் பீடத்தைத் தேடுங்கள். வரைபடத்தில் அது சின்னச் செவ்வகமாக, பெயர்கூட இல்லாமல் இருக்கும். அதிலிருந்து நின்று பார்த்தால் எந்தக் கட்டடத்தின் வாசல் தெரிகிறது என்று கவனியுங்கள், அந்தப் பீடத்துக்குரிய கோயில் அநேகமாக அதுதான். கோயிலில் தொடங்கி வெளியே வந்தால் பார்த்தெனோனில் மாட்டிக்கொண்டது போலத்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொரு தடயமும் அங்கேயே இருக்கிறது. பின்னாளில் பார்த்தெனோனைத் தேவாலயமாக மாற்றியபோது கிழக்கு முகப்பில் அரைவட்டச் சுவர் எழுப்பிப் பீடத்தை உள்ளே வைத்தார்கள், நுழைவு மேற்குப் பக்கம் போனது. அதுவரை கூட்டம் கிழக்கே வெளியில் நின்றது, கட்டடத்துக்குள் பத்துப் பேர் நின்றாலும் போதும். தேவாலயத்துக்குக் கூட்டமே உள்ளே வரவேண்டும், பீடமும் உள்ளே வேண்டும். அதனால் சிலை இருந்த கூடத்துக்கும் கருவூல அறைக்கும் நடுவே இருந்த சுவரில் வழி திறக்கவேண்டி வந்தது.